நின்றதா, நிறுத்தினீங்களா?

பெண்கள் விடுதி, அறை எண் 14
ஜூன் 28

என் லிஃப்ட்காரருக்கு,

பத்திரமாக இருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். வந்த பத்து நாளில் மூன்று தடவை போனில் பேசினோம். மூன்று தடவையும் "சாப்டாச்சா?", "ஆச்சு", "அப்புறம்?", "நீதான் சொல்லணும்" என்று போய், நாலாவது நிமிடம் ஸ்டேஷன் விஷயம் தலைகாட்டி, ஆளுக்கொரு பக்கம் போனை வைத்துவிட்டோம். இனி அவசரத்துக்கு மட்டும் போன். மற்றதெல்லாம் தபாலில். கடிதத்தில் ஒரு வசதி இருக்கிறது, யாரும் குறுக்கே பேச முடியாது.

அந்த ஸ்டேஷன் விஷயத்தை முதலிலேயே கொட்டிவிடுகிறேன். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக "நான் போகட்டுமா?" என்று கேட்டேன். நீங்கள் "உன் இஷ்டம்" என்றீர்கள். பதினோரு வருஷம் ஆஸ்பத்திரி கவுன்டரில் டோக்கன் கொடுத்தவள், முப்பத்தாறு வயதில் வேலையை விட்டுவிட்டு சமூகவியல் படிக்கப் போகிறாள். அவளிடம் சொல்கிற வார்த்தையா அது? அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்திருந்தேன்.

சரி, இங்கே நடந்ததைக் கேளுங்கள். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தேன். எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்றுவிட்டார்கள், நான்தான் பேராசிரியை என்று நினைத்து. எனக்கும் கவுன்டர் பழக்கம், "உட்காருங்க, உட்காருங்க" என்று சொல்லிவிட்டேன். பிறகு நானே போய் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒரே சிரிப்பு. இப்போது பாதிப் பேருக்கு நான் அக்கா, மீதிப் பேருக்கு ஆன்ட்டி. ஆன்ட்டி என்பவர்களுக்கு என் நோட்ஸ் கிடையாது.

முதல் பாடம் கூட்டமும் குழுவும். ஒரே இடத்தில் பலர் இருந்தால் அது வெறும் கூட்டம். அவர்கள் ஒருவரையொருவர் கவனித்து, "நாம்" என்று நினைக்க ஆரம்பித்தால்தான் குழு. நான் உடனே கையைத் தூக்கினேன். "மேடம், எங்க ஆஸ்பத்திரியில காலையில உட்கார்ந்திருக்கிறது கூட்டம். முப்பத்தொன்பதைக் கூப்பிடாம நாற்பதைக் கூப்பிட்டுட்டா, அடுத்த நிமிஷம் அது குழு." பேராசிரியை சிரித்துவிட்டு, அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இந்தப் பருவத்துக்கு ஒரு கள அறிக்கை எழுத வேண்டும். மனிதர்கள் சேரும் ஓர் இடத்தைக் கவனித்து எழுதணும். அது தேறினால்தான் அடுத்த பருவம். எனக்கு வேறு இடம் எதற்கு? ஒன்பது மாடி ஆபீஸ் கட்டிடத்தின் லிஃப்ட்டையே பத்து வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கைக் கட்டியிருக்கிறேன். நீங்கள் பார்த்ததை எழுதி அனுப்புங்கள். நினைத்ததை அல்ல, பார்த்ததை.

கூடவே ஒரு படிவம் வைத்திருக்கிறேன். கேள்வித்தாள் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். என்னுடையதில் ஒரே கேள்விதான்: "மனைவி இன்னும் இரண்டரை வருடம் வெளியூரில் தங்கிப் படிப்பது பற்றி உங்கள் கருத்து என்ன?" ஐந்து கட்டம் இருக்கிறது. மிகவும் சம்மதம், சம்மதம், கருத்து இல்லை, சம்மதம் இல்லை, சுத்தமாகச் சம்மதம் இல்லை. ஒன்றில் டிக் போடுங்கள். படிப்பைத் தொடர்கிறேனா, ஊருக்கே திரும்புகிறேனா என்று செப்டம்பர் முப்பதுக்குள் எழுதித் தர வேண்டும். அறிக்கை என் பொறுப்பு. இந்தக் கட்டம் உங்கள் பொறுப்பு.

உங்கள் டோக்கன்காரி


ஜூலை 7

என் டோக்கன்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குக் கடிதம் எழுத வராது. லாக் புக் எழுதத்தான் வரும். அந்த மாதிரியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஒருவர் ஏறினால் நடுவில் நிற்கிறார். இரண்டாவது ஆள் ஏறியதும் ஆளுக்கொரு மூலை. நாலு பேருக்கு நாலு மூலை. ஐந்தாவதாக வருகிறவர்தான் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருப்பார். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. மேலே எரிகிற மாடி நம்பரையே பார்க்கிறார்கள். அந்த விளக்கு ஒரு வாரம் ரிப்பேர் ஆனபோது கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் எல்லாரும் என்னைத் திட்டினார்கள்.

இன்னொன்று. மாடிகளைத் துடைக்கிற அம்மா ஒருவர் உண்டு, நாங்கள் வாளியம்மா என்போம். ஒன்பதாம் மாடி மேனேஜர் உள்ளே இருந்தால் அவர் லிஃப்டில் ஏற மாட்டார். "நீங்க போங்க, நான் அடுத்ததுல வரேன்" என்பார். யாரும் ஏறாதே என்று சொன்னதில்லை. லிஃப்டுக்குள் இருக்கிற போர்டைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எட்டு பேர், 544 கிலோ, புகை பிடிக்காதீர். வாளியைப் பற்றியோ வாளியம்மாவைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. மேனேஜர் திமிர் பிடித்தவர், அதனால்தான்.

படிவத்தையும் அனுப்பியிருக்கிறேன். "கருத்து இல்லை"யில் டிக் போட்டிருக்கிறேன்.

வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. மிக்ஸி மட்டும் கத்துகிறது.

லிஃப்ட்காரர்


ஜூலை 15

லிஃப்ட்காரருக்கு,

கருத்து இல்லையா? கறிவேப்பிலை வாடியிருந்தால்கூட கடைக்காரரிடம் அரை மணி நேரம் கருத்துச் சொல்கிற ஆள் நீங்கள். பொண்டாட்டி இரண்டரை வருஷம் ஊரில் இருக்க மாட்டாள் என்பதில் மட்டும் கருத்து இல்லை! கேள்வித்தாளில் இந்த நடுக்கட்டத்தைப் பற்றிப் பேராசிரியை தனியாகவே ஒரு வகுப்பு எடுத்தார். அங்கே டிக் போடுகிறவர்கள் மூன்று வகையாம். நிஜமாகவே கருத்து இல்லாதவர்கள், கேள்வி புரியாதவர்கள், பதில் சொல்லப் பயப்படுகிறவர்கள். நீங்கள் எந்த வகை என்று கண்டுபிடிக்க என் பாடத்தில் இன்னும் வழி சொல்லித் தரவில்லை.

கோபத்தை ஓரமாக வைக்கிறேன். உங்கள் குறிப்பு அபாரம். ஐந்தாவது ஆளையும் வாளியம்மாவையும் வகுப்பில் படித்துக் காட்டினேன். எழுதாத சட்டம்தான் எழுதிய சட்டத்தைவிடப் பலமானது என்பதற்கு அந்தப் போர்டைவிட நல்ல உதாரணம் கிடையாதாம். ஆனால் ஒரு வரிக்குத் திட்டு விழுந்தது. "மேனேஜர் திமிர் பிடித்தவர்" என்பது பார்த்ததா, நினைத்ததா? திமிரை எந்த மூலையில் பார்த்தீர்கள்? அவர் வாளியம்மாவை வேண்டாம் என்று ஒரு நாளாவது சொன்னாரா? அடித்துவிட்டேன்.

இப்போது ஒரு சின்ன சோதனை. எழுதாத சட்டத்தைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, அதை மீறிப் பார்ப்பது. யாருக்கும் தொந்தரவு இல்லாமல், லிஃப்டில் ஏறியதும் கதவைப் பார்க்காமல் பின் சுவரைப் பார்த்து நில்லுங்கள். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

எனக்கு இன்னொரு கேள்வி மண்டையைக் குடைகிறது. லிஃப்டில் இருப்பது வெறும் கூட்டம். நடு வழியில் அது நின்றுபோனால் அதே ஆட்கள் குழுவாகிறார்களா? எந்த நிமிடத்தில் ஆகிறார்கள்? ஒரு தடவை அப்படி நின்றால் நன்றாக இருக்கும். என் அறிக்கையே அதில் முடிந்துவிடும்.

மிக்ஸிக்குள் ஸ்பூன் விழுந்திருக்கிறதா பாருங்கள்.

டோக்கன்காரி


ஜூலை 25

டோக்கன்காரிக்கு,

ஸ்பூன்தான். எடுத்துவிட்டேன்.

முதல் சோதனை. காலையில் சுவரைப் பார்த்து நின்றேன். நாலாம் மாடி பல் டாக்டர் ஏறினார். என்னையே பார்த்துவிட்டு, "என்னப்பா, பல்வலியா?" என்றார். இல்லை என்றேன், நாலில் இறங்கிப் போனார். அடுத்து தண்ணீர் கேன் போடுகிறவர் ஏறினார். ஒன்றும் கேட்கவில்லை. நான் எதைப் பார்க்கிறேன் என்று சுவரைப் பார்த்தார், பிறகு அவரும் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். அடுத்த மாடியில் ஏறிய இரண்டு பேர் எங்களைப் பார்த்துவிட்டு, புது உத்தரவு ஏதோ வந்திருக்கிறது போல என்று அவர்களும் திரும்பிக்கொண்டார்கள். ஒன்பதாம் மாடியில் கதவு திறந்ததும் வெளியே நின்ற மேனேஜருக்கு நாலு முதுகு தெரிந்தது. அவர் பேசாமல் படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டார்.

இப்போது முக்கியமான விஷயம். நீ சொன்ன மாதிரியே லிஃப்ட் நின்றது! போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 4.58-க்கு, ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில், பதினோரு நிமிடம். உள்ளே நாலு பேர். மேனேஜர், பல் டாக்டர், கேன்காரர், வாளியம்மா. வாளியம்மா மேனேஜரைப் பார்த்ததும் இறங்கத்தான் பார்த்தாராம், அதற்குள் கதவு மூடிக்கொண்டதாம். நான் மோட்டார் ரூமில் நாற்காலியை, லிஃப்டுக்குள் பேசுவது கேட்கிற இன்டர்காம் பக்கத்தில் இழுத்துப் போட்டு, நோட்டும் வாட்சுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை விடவில்லை.

முதல் இரண்டு நிமிடம் ஆளாளுக்குப் பட்டனை அமுக்கினார்கள். "எனக்கு மீட்டிங் இருக்கு", "எனக்கு பேஷன்ட் காத்திருக்கார்." எண்ணினேன். "எனக்கு", "நான்" என்பது ஒன்பது தடவை. "நாம" ஒரு தடவைகூட இல்லை. நாலாவது நிமிடம் மேனேஜருக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று பல் டாக்டர் சொன்னது கேட்டது. அப்போது வாளியம்மா குரல். "ஐயா, இதுல உட்காருங்க. கவுத்துப் போட்டிருக்கேன், காலிதான்." மேனேஜர் வாளி மேல் உட்கார்ந்தாராம். கேன்காரர் கேனைத் திறந்து மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாராம். பல் டாக்டர், "மெதுவா மூச்சு விடுங்க சார், நாம எல்லாரும் இருக்கோம்ல" என்றார். அதுதான் முதல் "நாம". அதற்கப்புறம் பிடித்துக்கொண்டது. கடைசி மூன்று நிமிடத்தில் மட்டும் பதினாலு "நாம".

ஆக, உன் கேள்விக்குப் பதில் ஐந்தாவது நிமிடம். கதவு திறக்கும்போது நான் கீழே ஓடி வந்துவிட்டேன். மேனேஜர் வாளியைத் தானே எடுத்து அந்த அம்மா கையில் கொடுத்தார். என் கண்ணால் பார்த்தேன், இது நினைத்தது இல்லை.

அறிக்கை முடிந்துவிட்டதா?

லிஃப்ட்காரர்


ஜூலை 31

லிஃப்ட்காரருக்கு,

பதினாலு "நாம" என்ற இடத்தில் நான் எழுந்து அறைக்குள் ஒரு ஆட்டமே போட்டேன். கூட இருக்கும் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மறுபடி உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். இன்டர்காம் பக்கத்தில் நாற்காலி, நோட்டு, வாட்சு, தயாராக. லிஃப்ட் நிற்கப் போகிறது என்று யார் உங்களிடம் சொன்னது?

வேறொன்றும் கேட்கவில்லை. லிஃப்ட் நின்றதா, நிறுத்தினீங்களா?


ஆகஸ்ட் 5

டோக்கன்காரிக்கு,

நிறுத்தினேன்.

மோட்டார் ரூம் சுவிட்ச் ஒன்றுதான். திருப்பினால் நிற்கும். ஆபத்து கிடையாது, மாதம் ஒரு தடவை டெஸ்ட் பண்ணுவதுதான். மேனேஜருக்கு மூச்சு வாங்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததும் திருப்பியிருக்கணும். "நாம" வர ஆரம்பித்துவிட்டதே என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டுவிட்டேன். அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நின்றால் நன்றாக இருக்கும் என்று எழுதினது யார்? கல்யாணமான புதிதில், "சமையல்கட்டுக்கு ஒரு ஜன்னல் இருந்தா நல்லா இருக்கும்" என்றாய். மறுநாளே வீட்டுக்காரரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை சுவரை உடைத்தேன். "அலமாரி இந்தப் பக்கம் இருந்தா நல்லா இருக்கும்" என்பாய். முதுகு பிடித்துக்கொள்ள நகர்த்துவேன். மறு மாசம் "பழைய இடத்துலயே இருந்தா நல்லா இருக்கும்." மறுபடி நகர்த்துவேன். "இந்த மழை நின்னா நல்லா இருக்கும்" என்று ஒரு தடவை சொன்னாய், அதற்கு மட்டும்தான் நான் ஒன்றும் செய்யவில்லை.

பன்னிரண்டு வருஷத்தில் நீ ஒரு நாளும் "இதைச் செய்யுங்க" என்று சொன்னதில்லை. "நல்லா இருக்கும்" என்றால் நம் வீட்டில் செய் என்று அர்த்தம். கல்லூரிக்குப் போய் அர்த்தத்தை மாற்றிக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லாவிட்டால் நான் என்ன செய்வேன்?

லிஃப்ட்காரர்


ஆகஸ்ட் 14

லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. அலமாரி வந்ததும் சிரிப்பு வந்தது. கடைசியில் முகம் சுருங்கிப்போனது. நீங்கள் சொல்வது சரி. நான் ஒரு நாளும் நேராகக் கேட்டதில்லை. நேராகக் கேட்டால் நீங்கள் மறுத்துவிடலாம். "நல்லா இருக்கும்" என்றால் மறுக்க இடமில்லை, நான் கேட்டேன் என்ற பழியும் இல்லை. நல்ல வசதியான ஏற்பாடு, எனக்கு.

பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது இன்னும் மோசம். "ஆய்வுக்கு ஆட்களைப் பயன்படுத்தினா அவங்களுக்குத் தெரியணும், சம்மதம் இருக்கணும், கெடுதல் வரக் கூடாது. மூணும் போச்சு. உங்க வீட்டுக்காரர் மேல மட்டும் தப்பு இல்லை. களத்துல இருக்கிறவர்கிட்ட என்ன வார்த்தையில கேட்கிறோம்கிறது ஆய்வாளர் பொறுப்பு" என்றார். நாலு பேரிடமும் உண்மையைச் சொல்லி, எழுதுவதற்கு அவர்கள் மனதார ஒப்புக்கொண்டால்தான் அந்தப் பதினோரு நிமிடத்தைத் தொடலாம். ஒருவர் மறுத்தாலும் கிடையாது.

எனக்கு வேறு அறிக்கை இல்லை. இது இல்லாவிட்டால் அடுத்த பருவமும் இல்லை. அது உங்களுக்குத் தெரியட்டும். இருந்தாலும் சொல்கிறேன். நேராகச் சொல்கிறேன், இதுவரை சொல்லிப் பழக்கமில்லை.

நாலு பேரிடமும் போய் உண்மையைச் சொல்லுங்கள், ஒப்புக்கொண்டால் கூட வைத்திருக்கும் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். வேலைக்குச் சிக்கல் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். மறுபடி கவுன்டரில் போய் உட்கார எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

உங்கள் டோக்கன்காரி


ஆகஸ்ட் 30

டோக்கன்காரிக்கு,

சொல்லிவிட்டேன். நாலு பேரிடமும், சூப்பர்வைசரிடமும்.

கேன்காரர் சிரித்தார். "எழுதிக்க. ஆனா உசரமான ஆளுன்னு போடு" என்றார். பல் டாக்டர் முறைத்தார். காத்திருந்த பேஷன்ட் எழுந்து வேறு டாக்டரிடம் போய்விட்டாராம். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "உன் கடைவாய்ப் பல்லை வந்து காட்டு, அன்னிக்கே கவனிச்சேன்" என்றார்.

மேனேஜர் அறைக்குப் போகத்தான் கால் வரவில்லை. முழுக்கக் கேட்டார். ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். பிறகு, "இது பெரிய தப்பு. நான் கம்ப்ளெய்ன்ட் எழுதித்தான் ஆகணும்" என்று சொல்லி எழுதினார். எழுதிய அதே பேனாவால் உன் சம்மதப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டார். "பத்து வருஷமா இந்த லிஃப்ட்ல போறேன். உள்ளே யாராவது என்கிட்ட பேசினது அன்னிக்குத்தான்" என்றார். திமிர் என்று எழுதினதை நீ அடித்தது நல்லதாகப் போயிற்று.

கம்ப்ளெய்ன்ட்டுக்குப் பலன், ஒரு மெமோவும் பத்து நாள் சஸ்பெண்டும். வேலை போகவில்லை. மூச்சு விடு.

கடைசியாக வாளியம்மா. சொன்னதும் கையில் இருந்த துணியை வாளிக்குள் வீசினார். "அஞ்சு பத்து பஸ்ஸு எனக்குப் போச்சு தெரியுமா? அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்னேன். வீட்ல பொண்ணு பூட்டின கதவு முன்னாடி உட்கார்ந்திருந்தா. உன் பொண்டாட்டி பாஸ் பண்ண என் பஸ்தான் கிடைச்சுதா?" என்றார். பதினோரு நிமிடத்தை நோட்டில் எழுதின எனக்கு அந்த ஒரு மணி நேரம் தெரியவே தெரியாது.

மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நாலாவது நாள் வந்து தீர்ப்புச் சொன்னார். ஒன்று, நான் வேலைக்குத் திரும்பியதிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு லிஃப்ட் அவர் இருக்கிற மாடியில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். சரி என்றேன். இரண்டாவது, அவர் பேச்சும் அவர் வாளியும் எந்த அறிக்கையிலும் வரக் கூடாது. "கேட்காம எடுத்தது. இப்ப கேட்டாலும் கொடுக்க மாட்டேன்." அதற்கும் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

ஆக, அந்தப் பதினோரு நிமிடம் இனி இல்லை. உன் அறிக்கையை நான்தான் கெடுத்தேன். மன்னித்துக்கொள்.

லிஃப்ட்காரர்


செப்டம்பர் 12

என் லிஃப்ட்காரருக்கு,

வாளியம்மா சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். என் சார்பாக அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். பதினாலு "நாம"வையும் நோட்டிலிருந்து கிழித்துப் போட்டேன். கிழிக்கும்போது அழுகை வந்தது, அதையும் மறைக்கவில்லை.

இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது நாள் உங்கள் ஆகஸ்ட் ஐந்தாம் தேதி கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஜன்னல், அலமாரி, மழை. அடடா, களம் இங்கேயே இருக்கிறதே! "நல்லா இருக்கும்" என்ற சொல் ஒரு வீட்டில் எப்படி உத்தரவாக வேலை செய்கிறது, யார் சொல்கிறார், யார் செய்கிறார், சொல்லாமலே அது எப்படிச் சட்டமாகிறது, அந்தச் சட்டம் தெரியாத இடத்துக்குப் போனதும் எப்படி விபத்தாகிறது. ஆய்வாளரே களத்துக்குள் இருந்தால் என்னென்ன கோளாறு வரும் என்று ஒரு தனி அத்தியாயம். அதில் குற்றவாளி நான்தான். லிஃப்டைப் பற்றி, "ஒரு தவறு நடந்தது, சம்பந்தப்பட்ட ஒருவர் மறுத்ததால் விவரம் இல்லை" என்று ஒரே வரி.

பேராசிரியை முன்வரைவைப் படித்துவிட்டு, "நடந்தது என்று எழுதியிருக்கீங்க. யார் செய்தது?" என்று கேட்டார். "நாங்கள் செய்த தவறு" என்று திருத்தினேன். தேறும் என்கிறார். ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி, ஆய்வுக்கு உட்பட்டவருடையது. நீங்கள்தான். கூட வைத்திருக்கும் முன்வரைவையும் சம்மதப் படிவத்தையும் முழுக்கப் படித்துவிட்டுப் போடுங்கள். பிடிக்காவிட்டால் மறுக்கலாம், எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது.

பழைய படிவமும் ஒன்று புதிதாக வைத்திருக்கிறேன். அதே கேள்வி, அதே ஐந்து கட்டம். இந்தத் தடவை நடுவில் ஒதுங்காதீர்கள். எந்தக் கட்டமானாலும் சரி, நிஜத்தைப் போடுங்கள். முப்பதாம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும்.

அக்டோபர் பத்தாம் தேதியிலிருந்து ஒரு வாரம் விடுமுறை. காலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வாங்க. வந்தால் நல்லா இருக்கும் என்று எழுதவில்லை பாருங்கள். வாங்க.

உங்கள் டோக்கன்காரி


செப்டம்பர் 21

என் டோக்கன்காரிக்கு,

ஸ்டேஷனுக்கு வருகிறேன். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், முழுக்கப் படித்துத்தான். ஒரே ஒரு திருத்தம். அலமாரியை இரண்டு தடவை நகர்த்தியதாக எழுதியிருக்கிறாய். ஐந்து தடவை. ஆய்வு என்றால் சரியாக இருக்கட்டும்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஐந்து மணிக்கு லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறேன். நேற்று ஒன்று நடந்தது. ஏழாம் மாடியில் வாளியம்மா, உள்ளே மேனேஜர். வாளியம்மா பழக்கத்தில் "நீங்க போங்க, நான் அடுத்ததுல வரேன்" என்றார். மேனேஜர் வெளியே இறங்கி, "நீங்க போங்க, நான் அடுத்ததுல வரேன்" என்றார். இரண்டு பேரும் வெளியே நிற்க, நான் அசந்து பட்டனிலிருந்து கையை எடுத்ததும் லிஃப்ட் காலியாகக் கீழே போய்விட்டது. அது திரும்பி வருகிறவரை இரண்டு பேரும் மாடி நம்பரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வந்ததும் ஒன்றாக ஏறினார்கள். பஸ்ஸும் கிடைத்தது. இதை உனக்கு எழுதலாமா என்று அந்த அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டேன். "அறிக்கையில வேணாம். பொண்டாட்டிகிட்ட சொல்லாம உன்னால இருக்க முடியுமா? சொல்லிக்கோ" என்றார்.

இப்போது உன் ஐந்து கட்டம். ஜூலையில் கருத்து இல்லை என்று போட்டது பொய். கருத்து இருந்தது, கடைசிக் கட்டத்தில் இருந்தது. ஸ்டேஷனிலும் அதுதான் வாய் வரைக்கும் வந்தது. நான் சொன்னால் நீ பெட்டியை இறக்கிவிடுவாய் என்று தெரியும். அதனால் உன் இஷ்டம் என்றேன். நீ சொன்ன மூன்றில் நான் பயப்படுகிற வகை.

இப்போது முதல் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன். நிஜமாகத்தான். கரும்பலகையில் உன் டோக்கன் கதையை எழுதிப் போட்ட இடத்தை விட்டு நீ வரக் கூடாது. முப்பதாம் தேதிக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிடு.

கட்டத்துக்குக் கீழே ஒரு வரி அடித்திருப்பதைப் பார்ப்பாய். "நீ இங்க இருந்தா நல்லா இருக்கும்" என்று எழுதிவிட்டேன். எழுதி முடித்த பிறகுதான் நம் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று ஞாபகம் வந்தது. உடனே அடித்துவிட்டேன்.

படிக்க முடிகிற மாதிரிதான் அடித்திருக்கிறேன்.

உன் லிஃப்ட்காரர்